வெந்நீர்த் தொட்டியும் ஐந்து மில்லி ஆம்பியரும்

அமெரிக்காவில் ஹாட் டப் விற்கிற கடைக்குப் போனால் பேச்சு பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் ஓடும். எத்தனை பேர் உட்காரலாம், எத்தனை ஜெட், முதுகுக்கு எது, பாதத்துக்கு எது, இரவில் விளக்கு எத்தனை நிறம் மாறும். தண்ணீரைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார்கள். மாதத் தவணையைக் கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். கரன்ட் கனெக்‌ஷன் என்று வாயெடுத்தால் மட்டும் ஒரே வரியில் முடிந்துவிடும்: “அதை உங்கள் எலெக்ட்ரீஷியன் பார்த்துக்கொள்வார்.” நியூ ஜெர்சியிலும் டல்லாஸிலும் கொல்லைப்புறத்தோடு வீடு வாங்கி, அடுத்த குளிர்காலத்துக்குள் ஒரு தொட்டியை இறக்கிவிட வேண்டும் என்று திட்டம் போடும் தமிழ்க் குடும்பங்கள் அந்த ஒரு வரியைக் கொஞ்சம் நீட்டிக் கேட்பது நல்லது.

ஏனென்றால் அந்தத் தொட்டிக்குள் இருப்பது என்ன என்று பாருங்கள். ஆயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர். அதைச் சூடாக்க நான்கைந்து கிலோவாட் ஹீட்டர். பீய்ச்சி அடிக்க ஒன்றோ இரண்டோ மோட்டார். இவை அத்தனையும் ஒரே கூட்டுக்குள், 240 வோல்ட்டில், 40 அல்லது 50 ஆம்பியர் லைனில் ஓடுகின்றன. நடுவில் மனிதர்கள், முழுக்க நனைந்து, வெற்றுடம்போடு.

2024 ஜூன் மாதம் மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில், புவெர்ட்டோ பெனியாஸ்கோ என்ற கடலோர ஊரில் ஒரு விடுதியின் ஜக்கூஸித் தொட்டிக்குள் கரன்ட் பாய்ந்தது. டெக்சஸின் எல் பாசோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த 43 வயதுக்காரர் இறந்துபோனார். அவரோடு இருந்த பெண் பலத்த காயத்தோடு பிழைத்தார். இழுத்துக் காப்பாற்ற முயன்றவர்களுக்கும் ஷாக் அடித்ததாகச் செய்திகள் வந்தன. கரன்ட் பாய்ந்த தண்ணீரில் நடக்கிற கொடுமை இதுதான். உள்ளே இருப்பவர் கை கால் இறுகி அசைய முடியாமல் கிடப்பார். வெளியிலிருந்து கை நீட்டுகிறவரும் மாட்டிக்கொள்வார். முதலில் செய்ய வேண்டியது சுவிட்சை அணைப்பது. அந்தச் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பது அங்கிருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வெந்நீர் ஜெட்டின் கதையும் அதன் பாதுகாப்பின் கதையும் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் சந்தித்துக்கொள்கின்றன. இத்தாலியிலிருந்து வந்த ஜக்கூஸி சகோதரர்கள் அங்கேதான் தொழில் தொடங்கினார்கள். முதலில் விமானத்துக்குக் காற்றாடி, பிறகு விமானமே. 1921-ல் அந்த விமானம் விழுந்து சகோதரர்களில் ஒருவர் இறந்ததும் அதை விட்டுவிட்டு, தண்ணீர் பம்புக்கு மாறினார்கள். கடைசித் தம்பி காண்டிடோவின் மகன் கென்னத்துக்குச் சின்ன வயதிலேயே முடக்குவாதம். மருத்துவமனையில் கொடுத்த நீர்ச்சிகிச்சையை வீட்டிலேயே தர முடியாதா என்று யோசித்த தந்தை, குளியல் தொட்டிக்குள் இறக்கி வைக்கிற பம்பைச் செய்தார். 1956-ல் அது விற்பனைக்கு வந்தது. 1968-ல் அதே குடும்பத்தின் ராய் ஜக்கூஸி, ஜெட்களைத் தொட்டியின் சுவருக்குள்ளேயே பதித்த மாடலைக் கொண்டுவந்தார்.

அதே பெர்க்லியில், பல்கலைக்கழகத்தின் மின்பொறியியல் பேராசிரியர் சார்ல்ஸ் டால்ஸீல் வேறொரு கேள்வியோடு உட்கார்ந்திருந்தார். மனிதன் எவ்வளவு கரன்ட்டைத் தாங்குவான்? அதைத் தெரிந்துகொள்ளத் தாமாக முன்வந்தவர்களின் கையில் கம்பியைக் கொடுத்து, கரன்ட்டை மெல்ல மெல்ல ஏற்றி, எந்த அளவு வரை அவர்களால் கம்பியை விட முடிகிறது என்று பார்த்தார். 134 ஆண்கள், 28 பெண்கள். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதற்கு மேல் போனால் விரல்கள் தாமாகவே இறுகிக்கொள்ளும். விட நினைத்தாலும் விட முடியாது. இன்றைய ஆய்வு நெறிக் குழு எதுவும் இப்படி ஒரு சோதனைக்கு அனுமதி கொடுக்கும் என்று தோன்றவில்லை. ஆனால் உலகத்தில் மின்பாதுகாப்புத் தரங்கள் எழுதப்பட்டபோது அந்தக் கணக்கு பெரிய அளவில் பயன்பட்டது.

அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு சாதாரண பிரேக்கரைப் பாருங்கள். 50 ஆம்பியர் பிரேக்கர் என்றால் 50,000 மில்லி ஆம்பியர் தாண்டினால்தான் அது விழவே யோசிக்கும். மனிதனின் இதயத் துடிப்பைக் குலைக்க 100 மில்லி ஆம்பியர் போதும். பிரேக்கர் இருப்பது வயர் சூடாகித் தீப்பிடிக்காமல் இருக்கத்தான். ஆளைக் காப்பாற்ற இல்லை. 120 வோல்ட் கரன்ட், ஈரம் ஊறிய உடம்பின் மின்தடை ஆயிரம் ஓம் என்று வைத்தால், உடம்பு வழியாகப் போவது 120 மில்லி ஆம்பியர். ஆள் போய்விடுவார்; பிரேக்கருக்கு ஒன்றுமே தெரியாது.

டால்ஸீல் 1960-களின் தொடக்கத்தில் உருவாக்கிய கருவிதான் இன்று அமெரிக்காவில் ஜிஎஃப்சிஐ என்று அழைக்கப்படுவது. அதன் தத்துவம் எளிமையானது. போகிற கம்பியும் திரும்பி வருகிற கம்பியும் ஒரே வளையத்துக்குள் நுழைந்து போகும். போன கரன்ட் அப்படியே திரும்பினால் இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும். வளையம் சும்மா இருக்கும். எங்கோ கசிந்து, தண்ணீர் வழியாகவோ ஆள் வழியாகவோ கொஞ்சம் மண்ணுக்குப் போய்விட்டால் கணக்கு இடிக்கும். வித்தியாசம் 4 முதல் 6 மில்லி ஆம்பியருக்குள் வந்ததுமே, கண்மூடித் திறப்பதற்குள் லைன் துண்டிக்கப்படும். நம் ஊர் வீடுகளில் மாட்டுகிற ஆர்சிசிபியும் இதே இனம்தான். ஆனால் அது பொதுவாக 30 மில்லி ஆம்பியர் அளவுடையது. அமெரிக்கர்கள், கையை விட முடியாமல் போகிற அளவுக்கும் கீழே கோடு போட்டார்கள்.

அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு 1897-ல் முதலில் வந்தது. இப்போது மூன்று ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகிறது. அதன் 680-வது பிரிவு முழுக்க முழுக்க நீச்சல் குளம், நீரூற்று, ஹாட் டப் பற்றியது. 1968 பதிப்பிலேயே நீச்சல் குளத்துக்குள் எரியும் விளக்குகளுக்கு ஜிஎஃப்சிஐ வந்துவிட்டது. குளியலறைப் ப்ளக் பாயின்ட்டுக்கு வர 1975 ஆயிற்று. ஹாட் டப்புக்கு இன்று அது கட்டாயம்.

கருவி மாட்டியாயிற்று, வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் அதிகம். அடுத்தபடி, “தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு எர்த் ராடு அடித்துவிடலாம்” என்று யோசனை சொல்லும் நண்பர் ஒருவர் எங்கிருந்தாவது வருவார். அவரிடம் ஒரு கணக்கைக் காட்டலாம். மண்ணில் அடித்த ராடின் மின்தடை 25 ஓம் என்றால் அது மோசமில்லாத ராடு. 120 வோல்ட் கசிந்து அதன் வழியாக மண்ணுக்குப் போனால் ஓடுவது 4.8 ஆம்பியர். ஜிஎஃப்சிஐ பழுதாகிக் கிடந்தால், வெறும் 50 ஆம்பியர் பிரேக்கர் அதற்கெல்லாம் விழாது. ஆக, ராடு பாட்டுக்கு மண்ணில் இருக்கும். தொட்டியின் உலோகப் பாகங்களில் வோல்ட்டேஜ் பாட்டுக்கு நிற்கும். அப்போது கசிவைப் பிடிப்பது தொட்டியிலிருந்து வீட்டு மெயின் பேனல் பெட்டிவரை திரும்பிப் போகிற எர்த் கம்பி. அதன் வழியாக வருகிற பெரிய கரன்ட்தான் பிரேக்கரைத் தள்ளும். 50 ஆம்பியர் லைனுக்கு 10-ம் நம்பர் செப்புக் கம்பி, மேலே உறை போட்டது. குளோரினும் ஈரமும் புழங்குகிற இடத்தில் வெறும் கம்பி சீக்கிரம் அரித்துப் போகும் என்பதால்தான் அந்த உறை.

ஜிஎஃப்சிஐ, எர்த் கம்பி இரண்டாலும் தீராத ஒரு பிரச்சினை இருக்கிறது. எலெக்ட்ரீஷியன்களிலேயே சிலர் இதில் தடுமாறுவார்கள். வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கும், ஜிஎஃப்சிஐ புதிதாக இருக்கும், ஆனாலும் தொட்டியிலிருந்து ஈரக் காலை வெளியே சிமெண்ட் தரையில் வைத்ததும் சுருக்கென்று ஒரு கடி. தொட்டியின் பிரேக்கரை அணைத்துவிட்டுப் பார்த்தாலும் அதே கடி. காரணம், அந்தக் கரன்ட் தொட்டியிலிருந்தே வரவில்லை. அமெரிக்காவில் மின்நிறுவனத்தின் நியூட்ரல் கம்பி வழியெங்கும் பல இடங்களில் மண்ணோடு இணைக்கப்பட்டிருக்கும். தெருவில் எங்கோ ஒரு இணைப்பு தளர்ந்திருந்தால், நியூட்ரலுக்கும் மண்ணுக்கும் இடையில் சில வோல்ட் நின்றுகொண்டிருக்கும். வீட்டின் எர்த் கம்பி அந்த நியூட்ரலோடு சேர்ந்தது என்பதால், அந்தச் சில வோல்ட் தொட்டியின் உலோகப் பாகங்கள் வழியாகத் தண்ணீருக்கும் வந்துவிடும். தரை மட்டும் மண்ணின் அளவிலேயே இருக்கும். தண்ணீரில் ஒரு காலும் தரையில் ஒரு காலும் வைத்திருக்கும் ஆள் இரண்டுக்கும் பாலமாகிவிடுகிறார். ஜிஎஃப்சிஐ இதைப் பார்க்கவே பார்க்காது. அதன் வளையத்துக்குள் போகாத கரன்ட் அது.

இதற்கு விதித்தொகுப்பு சொல்லும் வைத்தியம், வோல்ட்டேஜை விரட்டுவது அல்ல. எல்லாவற்றையும் ஒரே வோல்ட்டேஜுக்குக் கொண்டுவருவது. மோட்டாரின் உலோகக் கூடு, ஹீட்டர், 5 அடிக்குள் இருக்கும் கைப்பிடி, வேலி, குழாய், சுற்றியுள்ள சிமெண்ட் தரைக்குள் இருக்கும் இரும்புக் கம்பி, எல்லாவற்றையும் 8-ம் நம்பர் முழுச் செப்புக் கம்பியால் பிணைத்துவிட வேண்டும். தரையில் கம்பிக்கட்டு இல்லை என்றால் தொட்டியின் உள்சுவரிலிருந்து 18 முதல் 24 அங்குலத் தூரத்தில், தரைக்கு 4 முதல் 6 அங்குலம் கீழே, சுற்றிலும் ஒரு செப்பு வளையம் போட வேண்டும். தொட்டியும் தரையும் ஒரே அளவில் ஏறி இறங்கினால், தொடுகிற ஆளின் இரு கால்களுக்கும் இடையே வித்தியாசம் இராது. வித்தியாசம் இல்லாத இடத்தில் கரன்ட் ஓடாது. சிமெண்ட் போட்டபிறகு இந்த வளையத்தை ஞாபகப்படுத்திக்கொண்டால் தரையை உடைக்க வேண்டியதுதான். ஆகவே தரை போடுகிற மேஸ்திரி வருவதற்கு முன் எலெக்ட்ரீஷியன் வந்துபோக வேண்டும்.

இதில் ஒரு விலக்கு உண்டு. தொழிற்சாலையிலிருந்தே முழுதாக வருகிற, தரைமேல் வைக்கிற, அதற்கான தரச்சான்று பெற்ற தொட்டி. அதன் மேல்விளிம்பு, சுற்றி 30 அங்குலத்துக்குள் இருக்கிற எந்தத் தளத்தையும்விட 28 அங்குலமாவது உயரத்தில் இருக்க வேண்டும். அப்படியிருந்தால் சுற்றுத் தரையைப் பிணைக்க வேண்டியதில்லை. தரையில் நின்றபடி ஒரு காலைத் தண்ணீரில் போடுவது அந்த உயரத்தில் சுலபமில்லை என்பதே காரணம். வினை எங்கே வரும் என்றால், வாங்கும்போது தரைமேல் வைத்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து அழகுக்காகத் தொட்டியைச் சுற்றி மர டெக் எழுப்பும்போது. டெக் உயர்ந்ததும் 28 அங்குலம் 10 அங்குலமாகிவிடும். அதோடு விலக்கும் போயிற்று. டெக் கட்டுகிற தச்சருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இன்னொரு விலக்கு கேட்கவே சுவாரசியமானது: மரப்பலகைகளைச் சேர்த்துப் பீப்பாய் மாதிரிச் செய்த பழைய பாணித் தொட்டிகளில், பலகைகளை இறுக்கிப் பிடிக்கிற இரும்பு வளையங்களைப் பிணைக்க வேண்டாம் என்று விதியிலேயே தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

தூரங்களுக்கு வருவோம். கரன்ட்டைத் துண்டிக்கும் பெட்டி தொட்டியின் உள்சுவரிலிருந்து குறைந்தது 5 அடி தள்ளி, அதே சமயம் தொட்டி இருக்குமிடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, 50 அடிக்குள் இருக்க வேண்டும். தண்ணீருக்குள் உட்கார்ந்தபடி கை நீட்டித் தொட முடியாத தூரம். ஆனால் ஆபத்து என்றால் ஒருவர் ஓடிப்போய் அணைக்கிற தூரம். ஹீட்டர் பழுது பார்க்க வருகிறவரும் தாம் அணைத்ததை வேறு யாரும் போட்டுவிடவில்லை என்று நிமிர்ந்து பார்த்துக்கொள்ளலாம். அதன் முன்னால் செடித்தொட்டி, நாற்காலி, பார்பெக்யூ அடுப்பு எதையும் வைக்காமல் 3 அடி ஆழத்துக்கு இடம் விட வேண்டும். பேனல் பெட்டிக்கு முன்னால் சாமான் அடுக்கும் பழக்கம் எந்த நாட்டுக்குப் போனாலும் நம்மை விட்டுப் போவதில்லை.

ப்ளக் பாயின்ட்டுக்கும் தூரக் கணக்கு உண்டு. தொட்டியிலிருந்து 6 அடிக்குள் ஒன்றும் இருக்கக் கூடாது. 6 அடிக்கும் 20 அடிக்கும் இடையில் ஒன்றாவது இருந்தே ஆக வேண்டும். இரண்டாவது பாதியைப் படித்தால் விசித்திரமாகத் தோன்றும். ஆனால் அதுதான் புத்திசாலித்தனமான பாதி. பக்கத்தில் முறையான பாயின்ட் இல்லாவிட்டால் மனிதர்கள் சமையலறை ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து வந்து, தொட்டி விளிம்பில் போனுக்குச் சார்ஜ் போடுவார்கள். விதி எழுதியவர்கள் மனிதர்களைப் பார்த்திருக்கிறார்கள். தலைக்கு மேல் போகும் மின்கம்பி தண்ணீர் மட்டத்திலிருந்து எந்தத் திசையிலும் இருபத்திரண்டரை அடி விலகியிருக்க வேண்டும் என்பது சாதாரண வீட்டு லைனுக்கான அளவு. கொல்லைப்புறத்தின் குறுக்கே தூணிலிருந்து வீட்டுக்கு லைன் வருகிற பழைய குடியிருப்புகளில், தொட்டிக்கு இடம் தேடும்போது முதலில் வானத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

இனி அந்தச் சின்னப் பெட்டிக்குள். கடைகளில் ஸ்பா பேனல் என்று கேட்டால் தருகிற சாம்பல் நிறப் பெட்டியின் மூடியைத் திறந்தால், ஜிஎஃப்சிஐ பிரேக்கரிலிருந்து சுருள் சுருளாக ஒரு வெள்ளை வயர் தொங்கும். அது நியூட்ரல் பட்டைக்குப் போக வேண்டும். தொட்டியிலிருந்து வருகிற வெள்ளை நியூட்ரல் வயரோ பட்டைக்குப் போகக் கூடாது. பிரேக்கரிலேயே அதற்கென்று இருக்கும் திருகில் போட வேண்டும். வெள்ளை வயர்தானே என்று இரண்டையும் பட்டையில் சேர்த்து முறுக்கிவிட்டால், நியூட்ரலில் திரும்பும் கரன்ட் வளையத்துக்குள் வராது. தொட்டியில் 120 வோல்ட்டில் ஓடுகிற சின்ன மோட்டாரோ ஓசோன் கருவியோ ஆன் ஆன மறுகணம் பிரேக்கர் விழும். மறுபடி போட்டால் மறுபடி விழும். தாங்களே வயரிங் செய்துகொள்கிறவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இது. இதுவாவது கண்ணுக்குத் தெரிகிற தப்பு.

சில வருடம் ஒழுங்காக ஓடிய தொட்டி திடீரென்று ட்ரிப் ஆகத் தொடங்கினால், மெக்கானிக்குகள் முதலில் சந்தேகப்படுவது ஹீட்டரை. அதன் உலோக உறையில் ஊசிமுனைத் துளை விழுந்தால் உள்ளே அடைத்திருக்கும் மக்னீசியம் ஆக்சைடு தூள் ஈரத்தை உறிஞ்சும். கரன்ட் தண்ணீருக்குக் கசியும். ஹீட்டர் வயரைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள். பிரேக்கர் விழாமல் நின்றால் ஹீட்டர்தான் குற்றவாளி. இந்த இடத்தில்தான் சில வீட்டுக்காரர்கள் ஒரு மாபாதகத்தைச் செய்கிறார்கள். “இந்த ஜிஎஃப்சிஐ ரொம்பத் தொந்தரவு” என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு, சாதாரண பிரேக்கரை மாட்டுகிறார்கள். தொந்தரவு நிற்கும். தண்ணீருக்குள் கசிவு நிற்காது. ஊரிலும் ஆர்சிசிபியை பைபாஸ் செய்துகொடுக்கிற எலெக்ட்ரீஷியனைக் கெட்டிக்காரர் என்று சொல்லுகிற வழக்கம் இருக்கிறது. அவரை வீட்டுக்குள் விடாமல் இருப்பதே மேல்.

240 வோல்ட் வேலை வேண்டாம் என்கிறவர்களுக்கு ப்ளக்கில் செருகிக்கொள்கிற 120 வோல்ட் மாடல்கள் உண்டு. அவற்றின் வயர் 15 அடிக்கு மேல் போகக் கூடாது, ஜிஎஃப்சிஐ பாதுகாப்பு இருந்தாக வேண்டும். பெரும்பாலும் அது ப்ளக்கிலேயே வரும். எக்ஸ்டென்ஷன் கூடவே கூடாது. சூடேறும் வேகத்தில்தான் வித்தியாசம்: ஆயிரம் லிட்டர் தண்ணீரை 15 டிகிரி செல்சியஸிலிருந்து 38-க்குக் கொண்டுவர ஏறக்குறைய 27 யூனிட் கரன்ட் வேண்டும். ஒரு கிலோவாட் ஹீட்டருக்கு அது ஒரு நாளைக்கு மேல். ஐந்தரை கிலோவாட்டுக்கு ஐந்து மணி நேரம். மூடாமல் விட்டால் இந்தக் கணக்கெல்லாம் காற்றோடு போகும்.

பழைய வீடுகளில் மெயின் 100 ஆம்பியர்தான் இருக்கும். ஏசி, மின்அடுப்பு, துணி உலர்த்தி, இப்போது எலெக்ட்ரிக் கார் சார்ஜர் என்று ஏற்கெனவே வரிசை கட்டி நிற்கிறது. அதன் தலையில் 50 ஆம்பியர் தொட்டியை ஏற்றுவதற்கு முன் மொத்த லோடு கணக்குப் போட வேண்டும். சில வீடுகளில் தொட்டியைவிட மெயினை 200 ஆம்பியருக்கு உயர்த்தும் செலவு கண்ணைக் கட்டும். கடைக்குப் போகும் முன்னாலேயே பேனல் பெட்டியைத் திறந்து, மெயின் பிரேக்கரில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்துவிடுவது உத்தமம்.

பெர்மிட் இல்லாமல் செய்து முடித்துவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். பல மாநிலங்களில் வீட்டுக்காரரே பெர்மிட் எடுத்து வயரிங் செய்யவும் அனுமதி இருக்கிறது. ஆனால் எந்த ஆண்டுப் பதிப்பு, என்ன கூடுதல் நிபந்தனை என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உள்ளூர் இன்ஸ்பெக்டர் சொல்வதுதான் சட்டம். அவர் வந்து பார்க்கும்வரை, வயர் போகிற குழியை மூடக் கூடாது. பிவிசி குழாயில் போகிற லைனுக்கு 18 அங்குல ஆழம் வேண்டும். அதைத் தோண்டும் முன் 811-க்கு ஒரு போன். கேஸ், கரன்ட், டெலிபோன் லைன்கள் போகும் இடத்தை இலவசமாக வந்து பெயின்ட்டால் கோடு போட்டுக் காட்டிவிட்டுப் போவார்கள்.

எல்லாம் முடிந்து தண்ணீர் சூடான பிறகு செய்ய வேண்டியது ஒன்றுதான் மிச்சம். ஜிஎஃப்சிஐயில் டெஸ்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்துங்கள். பிரேக்கர் விழ வேண்டும், தொட்டி அணைய வேண்டும். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் விவரம் தெரிந்த பிள்ளைகளுக்கும் அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, எதைத் தள்ளினால் கரன்ட் போகும் என்று காட்டி வையுங்கள். அழுத்தியும் பிரேக்கர் விழவில்லை என்றால், அதை மாற்றும்வரை யாரையும் தண்ணீரில் இறங்க விடாதீர்கள்.